தேய்ந்த குழியும் தூக்குநூலும்: செயற்கைத் தோளின் அச்சு குறித்து மைசூர் மைன்ஸிலிருந்து ஒரு வாசிப்பு

கோலார் தங்கவயலின் தென்பகுதியில், மாரிக்குப்பம் ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த மைசூர் மைன்ஸ், ஒரு சுரங்கத்தின் பெயராகத் தொடங்கி ஒரு குடியிருப்பின் பெயராக நிலைத்துவிட்ட இடம். 1880-இல் தொடங்கப்பட்ட மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி முதல், 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரையிலான நூற்றிருபது ஆண்டுகளில், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளர்களின் தோள்களே இந்தச் சுரங்கத்தை இயக்கின. தங்கவயல் குறித்த ஆய்வுகள் உற்பத்தியையும் சாதியையும் தொழிற்சங்கத்தையும் விரிவாகப் பேசியுள்ளன. உடலைப் பேசும்போது அவை பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடுகின்றன. தோள் என்னும் மூட்டின் மருத்துவ வரலாற்றைத் தங்கவயலின் வரலாற்றோடு அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இரண்டிலும் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவில் எழுவதைக் காணலாம்: தேய்ந்துபோன ஒன்றைச் சரிசெய்ய முற்படுபவர் எதை அளவுகோலாகக் கொள்வது?

இக்கேள்வி சுரங்கத்தில் புதியதன்று. தொடக்ககாலச் சுரங்கங்கள் கண்ணுக்குத் தெரிந்த தாதுப்பாதையைப் பின்பற்றி இறங்கின. சாம்பியன் தாதுப்பாதை மேற்கு நோக்கிச் சரிந்து செல்வது. அதன் போக்கிலேயே சாய்வான சாஃப்டுகள் வெட்டப்பட்டன. ஆழம் கூடக்கூட இம்முறை பயன்தரவில்லை. தாதுப்பாதை ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும், மற்றோரிடத்தில் மடங்கும். ஆகவே பிற்காலத்தில் செங்குத்துச் சாஃப்டுகள் வெட்டப்பட்டு, அவற்றிலிருந்து குறுக்குச் சுரங்கவழிகள் தாதுப்பாதையை நோக்கிச் செலுத்தப்பட்டன. இவ்வாறு செய்வதற்குத் தரைக்கு மேலுள்ள திசையைத் தரைக்கு அடியில் கொண்டுசெல்ல வேண்டும். ஆழ்சுரங்க அளவையாளர்கள் பொதுவாகக் கையாண்ட வழி, சாஃப்டினுள் இரு கம்பிகளைக் கனத்த குண்டுகளோடு தொங்கவிடுவதாகும். குண்டுகளை எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தி அவற்றின் ஆட்டத்தைத் தணிப்பர். எஞ்சிய ஆட்டத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிடுவர். இரு கம்பிகளையும் இணைக்கும் கோட்டைக் கீழே அடிக்கோடாகக் கொள்வர். கம்பிகளுக்கிடையேயான தொலைவு சில அடிகளே என்பதால், மேலே நேரும் மயிரிழைப் பிழை கீழே நீண்ட வழியொன்றின் முடிவில் பல அடிகளாக வளரும். எதிரே நிற்கும் பாறையின் முகத்தைப் பார்த்துத் திசையை முடிவுசெய்வதை அளவையியல் ஏற்பதில்லை. வெட்டப்பட்ட முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே அளக்கப்பட வேண்டியது. அதையே அளவுகோலாக்க இயலாது.

தோள்மூட்டு அறுவையாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமற்ற குழி அதன் இருக்கை. இடுப்பில் ஆழமான கிண்ணம் பந்தைப் பிடித்துக்கொள்கிறது. தோளிலோ பந்து பெரிது, குழி சிறிது, ஆழமும் குறைவு. இந்த அமைப்பே கைக்கு அத்தனை திசைகளிலும் சுழலும் உரிமையைத் தருகிறது. நிலைத்தன்மையைக் காக்கும் பொறுப்பைச் சுற்றியுள்ள தசைநாண்களிடம் விட்டுவிடுகிறது. மூட்டுத் தேய்வு முற்றும்போது பந்து பின்புறமாக நழுவி, குழியின் பின்பகுதியைக் கூடுதலாக அரைத்துவிடுவது உண்டு. அப்போது குழியின் முகம் பின்னோக்கிச் சாய்கிறது. அறுவை மேசையில் தோளைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரிவது இந்தச் சாய்ந்த முகம் மட்டுமே. தோள்பட்டை எலும்பின் எஞ்சிய பெரும்பகுதி தசைகளுக்கும் துணிகளுக்கும் அடியில் மறைந்திருக்கிறது. தெரிகின்ற முகத்திற்கு நேர்செங்குத்தாகச் செயற்கைக் குழியைப் பொருத்தினால், நோய் உண்டாக்கிய சாய்வு புதிய மூட்டிலும் அப்படியே நிலைபெறும்.

இந்தச் சிக்கலை மருத்துவம் சிக்கல் என்று அறிந்துகொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. 1893 மார்ச்சில் பாரிஸ் நகரில் ழூல் எமில் பெயான், காசநோயால் தோள் அழிந்த 37 வயது ரொட்டிக்கடைத் தொழிலாளி ஒருவருக்குச் செயற்கைத் தோள் பொருத்தினார். பல் மருத்துவர் ஒருவர் செய்துகொடுத்த அக்கருவியில் பிளாட்டினக் குழாய் ஒன்று எலும்புத் தண்டாகவும், பாரஃபினில் கொதிக்கவைத்துக் கெட்டிப்படுத்தப்பட்ட ரப்பர் உருண்டை தலையாகவும் அமைந்தன. கையை வெட்டியெறிவதே அன்றைய வழக்கமான தீர்வு. தொழிலாளியோ கையை இழக்க மறுத்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குப் பின், தொற்று நீங்காமையால் கருவி அகற்றப்பட்டது. ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895-இல்தான் என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். பெயானின் கண்ணும் விரலும் தவிர அச்சைக் காட்டும் சாதனம் எதுவும் அன்று இல்லை. பவுரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில்பாதை திறக்கப்பட்டது பெயானின் அறுவைக்கு அடுத்த ஆண்டில். சிவசமுத்திரத்தின் மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது 1902-இல். பொன்னைத் தோண்டும் தொழில்நுட்பம் விரைந்து வளர்ந்த அந்தப் பத்தாண்டுகளில், தோண்டுபவரின் மூட்டைச் சீராக்கும் தொழில்நுட்பம் ஒற்றை முயற்சியோடு நின்றுபோயிருந்தது.

அடுத்த கட்டம் 1950களில் நியூயார்க்கில் தொடங்கியது. சார்லஸ் நியர், மேற்கை எலும்பின் தலை நொறுங்கிய நோயாளிகளுக்கு எலும்புத் துண்டுகளை அகற்றிவிடும் வழக்கம் நல்ல பயன் தரவில்லை என்று கண்டு, வைட்டாலியம் உலோகத்தில் ஒரு தலையை வடிவமைத்தார். 12 நோயாளிகளின் விவரங்களை 1955-இல் வெளியிட்டார். 1974-இல் வெளியான அவருடைய கட்டுரை, தேய்வுற்ற மூட்டுக்கும் இம்முறையை விரித்ததோடு, பாலிஎத்திலீனாலான செயற்கைக் குழியையும் அறிமுகப்படுத்தியது. பந்து மட்டும் மாற்றப்பட்ட வரையில் குழியின் சாய்வு இரண்டாம் நிலைக் கேள்வியாக இருந்தது. குழியும் மாற்றப்படத் தொடங்கியதும் அது முதன்மைக் கேள்வியாயிற்று.

ஏனெனில் காலப்போக்கில் தளர்ந்து கழன்றவை பெரும்பாலும் குழிகளே. 1988-இல் ஃபிராங்க்ளினும் அவர்தம் குழுவினரும் இத்தளர்வின் இயங்குமுறையை ஆடும் மரக்குதிரையோடு ஒப்பிட்டனர். பந்து குழியின் நடுவில் அழுத்தாமல் ஒரு விளிம்பில் அழுத்தும்போது மறுவிளிம்பு எலும்பிலிருந்து மேலெழும்புகிறது. கை உயரும் ஒவ்வொரு முறையும் இது நிகழ்ந்து, எலும்பையும் குழியையும் பிணைத்திருக்கும் சிமென்ட் நாளடைவில் விடுபடுகிறது. அவர்கள் ஆராய்ந்தது தசைநாண் குறைபாட்டால் பந்து மேல்நோக்கி நகர்ந்த நிலையை. பின்சாய்வோடு பொருத்தப்பட்ட குழியிலும் பந்து பின்விளிம்பை அழுத்தி இதே விளைவைத் தரக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. சில பாகைகளின் பிழை, ஆயிரக்கணக்கான அசைவுகளால் பெருக்கப்பட்டு, பத்தாண்டுக்குள் மூட்டையே தோற்கடிக்கும்.

தீர்வுக்கான முதற்படி, அளவுகோலைக் குழிக்கு வெளியே தேடியதாகும். 1992-இல் ஃபிரீட்மனும் அவர்தம் குழுவினரும் சி.டி. ஸ்கேன் படத்தில் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முனையிலிருந்து குழியின் நடுப்புள்ளி வரை ஒரு கோடு வரைந்தனர். குழியின் முகம் இக்கோட்டின் செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதே சாய்வின் அளவு. நோயற்ற தோளில் இவ்விலகல் சராசரியாக ஓரிரு பாகைகளே. தேய்ந்த தோளில் இருபதையும் தாண்டக்கூடும். நோய் தீண்டாத ஓரிடத்தில் அடிக்கோட்டை நிறுவி, அதைக் கொண்டு நோயுற்ற முகத்தை மதிப்பிட்டதே இதன் சிறப்பு. சுரங்க அளவையாளரின் தூக்குநூல் செய்ததும் இதே வேலையைத்தான். 1999-இல் லியோன் நகரின் ழில் வால்ஷும் அவர்தம் குழுவினரும் குழியின் தேய்வை வகைப்படுத்தினர். பழைய குழியின் ஒரு பகுதி எஞ்சியிருக்க, அதன் பின்னால் புதிய குழியொன்று அரைக்கப்பட்டு, இரண்டும் ஒரு மேட்டால் பிரிந்திருக்கும் வடிவம் அவ்வகைப்பாட்டில் புகழ்பெற்றது. அது எலும்பில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று ஆவணம்: முன்னிருந்த மேற்பரப்பும், அதை அழித்து உண்டான மேற்பரப்பும் அருகருகே கிடக்கின்றன. எது தொடக்கநிலை, எது பிற்காலத்துச் சிதைவு என்று பிரித்தறிந்த பின்னரே திருத்தம் தொடங்க முடியும்.

இதற்கிடையில் அச்சு குறித்த சிந்தனையையே புரட்டிப்போட்ட வடிவமைப்பு ஒன்று பிரான்ஸின் டிஜோன் நகரில் உருவாகியிருந்தது. தோளைச் சுற்றியுள்ள சுழல்தசை நாண்கள் முற்றாகக் கிழிந்தவர்களுக்கு நியரின் மூட்டு உதவுவதில்லை. பந்தை நடுவில் நிறுத்த ஆளில்லாமல் அது மேல்நோக்கி ஏறிவிடும். இந்நிலைக்கு 1983-இல் நியரும் அவர்தம் குழுவினரும் தனிப்பெயரே இட்டனர். 1985-இல் பால் கிரமோன், பந்தைக் குழியின் இடத்திலும் குழியைப் பந்தின் இடத்திலும் வைத்தார். சுழற்சி மையம் உடலின் நடுப்பக்கமாகவும் கீழாகவும் நகர்ந்தது. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கு நெம்புகோலின் வலு கூடியது. கிழிந்த நாண்களின் வேலையை அத்தசை ஒன்றே செய்யத் தொடங்கியது. எனினும் புதிய அமைப்பு புதிய அச்சுப் பிழைகளையும் கொண்டுவந்தது. அடித்தட்டைச் சற்று உயரத்தில் பொருத்தினால், கையைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் செயற்கைக் கிண்ணம் தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்பில் இடித்து அதில் பள்ளம் பறிக்கிறது. அடித்தட்டைக் குழியின் கீழ்விளிம்பை ஒட்டிப் பொருத்தினால் இவ்விடிப்பு குறைகிறது என்பதை 2005-இல் வெளியான நைஃபெலரின் ஆய்வு காட்டியது.

இன்றைய அறுவை அரங்கில் இந்த வரலாறு முழுவதும் சில நிமிடங்களில் மறுபடி நிகழ்கிறது. நோயாளியைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தியதுபோன்ற நிலையில் கிடத்துகின்றனர். முன்புறத்தில் டெல்டாய்டுக்கும் மார்புத் தசைக்கும் இடையே வழி திறக்கப்படுகிறது. முதலில் மேற்கை எலும்பின் தலையை வெட்ட வேண்டும். அத்தலை பின்னோக்கித் திரும்பியிருக்கும் அளவு சராசரியாக 20 முதல் 30 பாகை. ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுபடும். முழங்கையை மடக்கி, வெட்டுக்கருவியில் பொருத்திய கம்பியை முன்கைக்கு இணையாகப் பிடித்து அக்கோணத்தை நிர்ணயிக்கின்றனர். இங்கும் தேய்ந்த தலையைவிடத் தொலைவிலுள்ள முன்கையே நம்பகமான சான்று. அடுத்துக் குழியின் நடுவில் ஒரு வழிகாட்டிக் கம்பி செலுத்தப்படுகிறது. பின்வரும் அனைத்தும் அக்கம்பியைப் பின்தொடர்பவை: அரைப்பான் அதன்மேல் இறங்குகிறது, அடித்தட்டு அதன் திசையில் அமர்கிறது, திருகாணிகள் அதைச் சுற்றிச் செல்கின்றன. கம்பி தவறினால் பிறகு வரும் துல்லியம் அத்தனையும் தவற்றை நேர்த்தியாக நிறைவேற்றும்.

சிறிய சாய்வாயின் உயர்ந்திருக்கும் முன்விளிம்பைக் கூடுதலாக அரைத்துச் சமன்செய்யலாம். ஏறத்தாழ 15 பாகைக்கு மேற்பட்டால் அவ்வழி எலும்பையே தின்றுவிடும். அப்போது பின்புறத்தில் எலும்பு ஒட்டு வைக்கவோ, ஒருபக்கம் தடித்த கருவியைப் பொருத்தவோ வேண்டியிருக்கும். இந்த முடிவுகளை அறுவைக்கு முன்பே எடுக்க முப்பரிமாணத் திட்டமிடல் உதவுகிறது. அதைத் தோளுக்குள் கொண்டுசெல்ல நோயாளியின் எலும்புக்கென்றே அச்சிடப்பட்ட வழிகாட்டிகளும், கொராகாய்டு முனைப்பில் பொருத்திய குறியைக் கேமரா பின்தொடரும் கணினி வழிநடத்தலும் வந்துள்ளன. மேலே நிறுவிய திசையைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்திற்குக் கொண்டுசெல்வதே இவற்றின் நோக்கம். எனினும் சுரங்கத்தோடு கொண்ட ஒப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. சுரங்கத்தின் அடிக்கோடு அசையாது. தோள்பட்டை எலும்போ விலாக்கூட்டின்மேல் தசைகளால் தாங்கப்பட்டு நகரும் எலும்பு. முதுகு வளைந்தால் அதுவும் திரும்பும். எலும்புக்குச் சரியான அச்சு, அந்த எலும்பைச் சுமக்கும் உடலுக்கும் சரியானதா என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

இங்கே அளவுகோல் குறித்த கேள்வி உடற்கூற்றிலிருந்து சமூகத்திற்கு நகர்கிறது. 1992-இல் வெளியான ஐயனோட்டி குழுவினரின் அமெரிக்க ஆய்வில் தோள்குழியின் சராசரி உயரம் 39 மில்லிமீட்டர், கீழ்ப்பாதியின் அகலம் 29 மில்லிமீட்டர். 2011-இல் வெளியான, தென்னிந்தியர்களின் உலர் எலும்புகளை அளந்த மமதா குழுவினரின் ஆய்வில் உயரம் ஏறத்தாழ 34, அகலம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். இரு ஆய்வுகளின் மாதிரிகளும் முறைகளும் வேறானவை என்பதால் எண்களை அப்படியே கழித்துப் பார்ப்பது முறையாகாது. ஆயினும் வேறுபாட்டின் திசை ஐயத்திற்கிடமற்றது. பரவலாகப் பயன்பட்ட வட்ட அடித்தட்டுகளின் விட்டம் 25 முதல் 29 மில்லிமீட்டர். 23 மில்லிமீட்டர் அகலக் குழியில் 29 மில்லிமீட்டர்த் தட்டு இருபுறமும் வெளியே நிற்கும். குழி சிறிதானால் அதன் பின்னுள்ள எலும்பும் குறைவு. சாய்வைத் திருத்த அரைப்பதற்கான இடமும் குறைவு. திருகாணி வழிதவறி வெளிவரும் வாய்ப்பு அதிகம். பிழைபொறுக்கும் எல்லை மிகக் குறுகலாக இருப்பது, கருவியின் அளவுகள் எந்த உடல்களிலிருந்து எடுக்கப்படவில்லையோ அந்த உடல்களில்தான்.

தங்கவயலுக்கு வந்தால், அளக்கப்பட்டதும் அளக்கப்படாததும் இன்னும் கூர்மையாகப் பிரிகின்றன. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது 1934-இல், கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். 1940-இல் மைசூர் அரசு அந்நோய்க்கெனத் தனி விதிகளை வகுத்தது. கேப்லனும் பர்டனும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்ததாகக் கூறுகிறது. இந்த எண் வெளிவந்ததற்கு எக்ஸ் கதிர்ப்படமும், இழப்பீட்டுச் சட்டத்தின் அழுத்தமும், தொழிலாளர் போராட்டங்களும் காரணங்கள். மார்புக்காக எடுக்கப்பட்ட படத்தின் இரு ஓரங்களிலும் தோள்மூட்டின் நிழலும் பெரும்பாலும் விழும். பந்து மேல்நோக்கி ஏறியிருந்தால் அந்நிழலிலேயே அதை ஓரளவு அறியலாம். படம் எடுக்கப்பட்ட நோக்கமோ நுரையீரலைச் சார்ந்தது.

சட்டம் தோளைப் பார்த்த விதமும் எண்ணத்தக்கது. பிரித்தானிய இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வலக்கையை முழங்கையிலோ அதற்கு மேலோ இழந்தவரின் சம்பாதிக்கும் திறன் இழப்பை 70 விழுக்காடு என்றும், இடக்கையாயின் 60 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. ஓர் உறுப்பு முற்றிலும் நிரந்தரமாகச் செயலற்றுப்போனால் அதையும் இழப்பாகவே கருதியது. வெட்டுப்பட்ட கைக்கு அட்டவணையில் ஒரு வரி உண்டு. தலைக்கு மேல் உயராத கைக்கு, இரவெல்லாம் உறங்கவிடாத தோளுக்கு, முப்பதாண்டுத் துளைக்கருவியின் அதிர்வு மெல்ல மெல்லத் தேய்த்த மூட்டுக்கு அட்டவணையில் வரி இல்லை. விபத்து ஒரு நாளில் நிகழ்வதால் அதற்குத் தேதி உண்டு. தேய்மானத்திற்குத் தேதி இல்லை.

அதிர்வு தோளைத் தேய்க்கும் என்பது வெறும் ஊகமன்று. 1992-இல் ஸ்டென்லுண்டும் அவர்தம் குழுவினரும் சுவீடனில் பாறை உடைக்கும் தொழிலாளர்களையும் கொத்தனார்களையும் மேற்பார்வையாளர்களையும் ஒப்பிட்டு, கனமான கைவேலைக்கும் அதிர்வுக்கும் தோளின் உச்சிமூட்டுத் தேய்வோடு தொடர்பு உண்டு என்று காட்டினர். அந்த உச்சிமூட்டு காரை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேருமிடம். செயற்கைத் தோள் மாற்றும் பந்தும் குழியும் வேறு. ஆகவே அம்முடிவை அப்படியே மைசூர் மைன்ஸுக்கு நீட்டிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வின் வடிவம் முக்கியமானது: அங்கே பாறை உடைப்பவரின் தோள் ஒரு கேள்வியாகக் கருதப்பட்டது, மேற்பார்வையாளரின் தோள் அதற்கு ஒப்பீட்டு அளவுகோலாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பமும் ஈரமும் சூழ, தலைக்கு மேலுள்ள பாறையையும் துளைத்த தங்கவயல் தொழிலாளர்களுக்கு அத்தகைய ஒப்பீடு பெரிதும் பொருந்தியிருக்கும்.

இது பழைய கணக்கைத் தீர்க்கும் முயற்சி மட்டுமாகக் கருதப்பட வேண்டியதில்லை. சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதைத் தொட்டவர்கள் இன்று அறுபதுகளில் இருக்கின்றனர். தசைநாண் கிழிவும் மூட்டுத் தேய்வும் வெளிப்படும் வயது அது. தலைகீழ்த் தோள்மூட்டு பெரிதும் பொருத்தப்படுவதும் இவ்வயதுக்கு மேற்பட்டோருக்கே. பெங்களூரு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அறுவை முறையும் அங்கு உண்டு. இவர்களுள் ஒருவர் அந்த மேசையை அடையும்போது அவருடைய குழியின் சாய்வு, எலும்பின் அடர்த்தி, முதுகின் வளைவு ஆகிய மூன்றும் அவர் செய்த வேலையின் தடங்களைத் தாங்கியிருக்கலாம். சிலிக்கோசிஸ் முற்றிய நுரையீரலாயின் மயக்க மருந்தின் அபாயமும் கூடும். வேலை வரலாற்றைக் கேட்டறியாத திட்டமிடல் தேய்ந்த முகத்தை மட்டும் பார்த்ததாகவே அமையும்.

வரலாற்று மாணவர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் சேர்ந்து செய்யத்தக்க பணி இதில் இருக்கிறது. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் தோளசைவை அளந்து, அவர்கள் செய்த வேலைவகையோடும் ஆண்டுகளோடும் ஒப்பிடலாம். துளைக்கருவி பிடித்தவரையும் தரைமேல் பணிபுரிந்தவரையும் தனித்தனியே நோக்கலாம். இழப்பீட்டு வழக்குகளிலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலும் எஞ்சியிருக்கும் தோள்வலிக் குறிப்புகளைத் திரட்டலாம். தென்னிந்தியக் குழி அளவுகளை உயிருள்ளோரின் சி.டி. படங்களிலிருந்து, ஆண் பெண் வேறுபாட்டோடு விரிவாகப் பதிவுசெய்து கருவி வடிவமைப்போர் முன் வைக்கலாம். மூன்றாம் பணிக்கு அவசரமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். முதற்பணிக்கு அந்த வசதி இல்லை. அத்தொழிலாளர்களின் கைகள் இன்னும் எத்தனை பாகை உயர்கின்றன என்பதை அளக்க, எஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறைவு.